நெஞ்சில் நிலைக்கும் பாடம்

மாலையில் பிழையின்றி ஒப்புவித்த பாடலை மறுநாள் காலையில் மறந்து விழிக்கும் பிள்ளைகள் பலர். ‘இவனுக்கு நினைவாற்றல் இல்லை’ எனப் பெற்றோர் முடிவு கட்டிவிடுகின்றனர். அச்சொல் பிள்ளையின் உள்ளத்தில் பதிந்து, கற்கும் ஊக்கத்தையே கெடுத்துவிடும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது பாடம் சொல்லும் முறையே. ஏடுகள் அரிதாயிருந்த காலத்தில் நம் முன்னோர் கையாண்ட நெறிகள், இன்று வீட்டில் பாடம் சொல்லும் தாய் தந்தையர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் பெரிதும் பயன்படும்.

முதலாவது, நூலிலேயே அமைந்துள்ள துணையைக் கொள்ளுதல். ஔவையார் அருளிய ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகரவரிசையில் அமைந்தவை. அடி மறந்தாலும் எழுத்து அதனை எடுத்துக் கொடுக்கும். அபிராமி அந்தாதியின் 100 பாடல்களில் ஒன்றன் முடிவே மற்றொன்றன் தொடக்கமாகும். ஆகவே ஒரு பாடலை முடித்தவுடன் நிறுத்தாமல், அடுத்த பாடலின் முதலடியையும் சேர்த்துச் சொல்லப் பழக்குதல் வேண்டும். அடியின் இரண்டாம் எழுத்தாகிய எதுகையைச் சுட்டிக் காட்டினால், அடுத்த அடியின் தொடக்கம் தானே நினைவுக்கு வரும்.

இரண்டாவது, புலன்கள் பலவற்றைப் பயன்படுத்துதல். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர். செவியும் வாயும் கண்ணும் கையும் ஒருங்கே கற்றன. இசையோடு பாடுவதும் பொருளைக் கதைபோல் விளக்குவதும் இவ்வகையினவே.

மூன்றாவது, இடைவெளி விட்டு ஓதுதல். திருப்பாவையின் 30 பாடல்கள் மார்கழியில் நாளொன்றுக்கு ஒன்றாகப் பாடப்பெறுகின்றன. அவ்வாறே நாளும் சிறிதளவே புதிதாகச் சொல்லித் தருக. பழைய பாடத்தை மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும், மாதம் கழித்தும் கேட்டு வருக. ஒரே அமர்வில் பலமுறை படிப்பதினும் நாள்கள் இடையிட்டுப் படிப்பது நன்கு நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரும் 1885-இல் ஆய்ந்து வெளியிட்டார்.

நான்காவது, கற்றதைக் கற்பித்தல். மாணவன் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது கல்வியில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார். எனவே தங்கைக்கோ தம்பிக்கோ பாடம் சொல்லுமாறு பிள்ளையை அமர்த்துக. இளையோர் இல்லையெனில் தாயே மாணவியாக அமர்ந்து வினவலாம்.

இவ்வாறு இல்லத்தில் போற்றப்படும் நினைவின் அருமையைத் திருமுறை கண்ட புராணம் உணர்த்துகிறது. தில்லையில் இருந்த தேவார ஏடுகளுள் பல கரையானுக்கு இரையாயின. எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தபோது, அவற்றைப் பாடும் பண்முறை தெரிந்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரிடமிருந்தே அப்பண்கள் மீண்டும் கிடைத்தன என்கிறது அந்நூல். ஏடு அழிந்த பின்னரும் ஒரு குடியின் நெஞ்சில் இசை வாழ்ந்தது.

இன்று ஒரு பாடலைப் பொறுமையோடு பிள்ளைக்குச் சொல்லித் தரும் இல்லத்தாரும் அத்தொண்டினையே செய்கின்றனர். கடிந்துரையாது, நாள்தோறும் சிறுபொழுது விளக்கேற்றும் வேளையில் உடனமர்ந்து ஓதுக. கல்வியும் பக்தியும் ஒருங்கே வளரும்.