டாக்டருக்குத் தெரியாத ஆபரேஷன்!

'லேட் டெர்ம்' என்று ஒரு பிரசவ டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். "ஓஹோ, நாள் தள்ளிப் போச்சா?" என்பார். அவர் கணக்கில் அது 41 வாரம் முடிந்தும் வலி எடுக்காத கேஸ். அமெரிக்க அரசியல் மேடையிலோ, ஐந்து மாதத்துக்கு மேல் செய்யும் கருக்கலைப்புக்குத்தான் அந்தப் பெயர். அங்கே நடப்பதில் அது நூற்றுக்குச் சுமார் ஒன்றுதான். சத்தம் என்னவோ நூறுக்கும் சேர்த்து!

இதையும் மிஞ்சிய பெயர் ஒன்று உண்டு. 'டி அண்ட் சி' நம்மூர்ப் பாட்டிமாருக்கே தெரியும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் 'டி அண்ட் இ'. கர்ப்பப்பை வாயை விரித்து, கருவைப் பகுதி பகுதியாக எடுப்பது. (படிக்கவே சங்கடம்தான். ஆனால் சண்டையே இதில்தான்.) சில டாக்டர்கள் முழுசாகவே எடுத்தார்கள். உள்ளே கருவி போகிற தடவை குறையும், கர்ப்பப்பைக்குக் காயம் குறையும் என்றார்கள். "கொடூரம்!" என்றார்கள் எதிர்ப்பாளர்கள். 1995-ல் அவர்கள் சூட்டியதுதான் 'பார்ஷியல் பர்த் அபார்ஷன்', அதாவது பாதிப் பிரசவக் கருக்கலைப்பு. மருத்துவப் பாடப் புத்தகத்தில் இல்லாத பெயர். கேட்டவுடனே வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? அதற்குத்தானே வைத்தது!

தடை மசோதாவை 1996, 1997 என இரண்டு முறை திருப்பி அனுப்பினார் கிளின்டன். நெப்ராஸ்கா மாநிலம் போட்ட தடையை 2000-ல் சுப்ரீம் கோர்ட் 5-4 என்று தள்ளியது. வாசகம் தொளதொளவென்று இருக்கிறது, சாதாரண 'டி அண்ட் இ'யும் மாட்டிக்கொள்ளும், தாயின் ஆரோக்கியத்துக்கு விலக்கும் இல்லை என்றது.

2003-ல் புஷ் கையெழுத்திட்ட சட்டம் உஷாரானது. தலை முழுவதும், கால் முதலில் வந்தால் தொப்புள் தாண்டி, வெளியே வந்தபின் உயிரை எடுத்தால் 2 ஆண்டு வரை ஜெயில். இன்ச் டேப் வைத்த மாதிரி! தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் விலக்கு. ஆரோக்கியத்துக்கு மட்டும் என்றால் கிடையாது.

2007-ல் அதே கோர்ட், அதே 5-4, செல்லும் என்றது. நடுவில் என்ன ஆச்சு? நீதிபதி ஓ'கானர் ரிடையராகி, அந்த நாற்காலிக்கு அலிட்டோ வந்திருந்தார். எதிர்த் தீர்ப்பு எழுதிய ரூத் கின்ஸ்பர்க் அம்மையார், மகப்பேறு நிபுணர்களை 'அபார்ஷன் டாக்டர்' என்று தீர்ப்பு அழைப்பதையும் விடாமல் கண்டித்தார்.

சட்டம் உயிருள்ள கருவைப் பற்றித்தானே பேசுகிறது? அதனால் கேஸுக்குப் பயந்த டாக்டர்கள் பலர், ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போட்டுக் கருவின் இதயத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள். அதனால் தாயின் உடம்புக்கு நன்மை என்று நிரூபணமாகவில்லை. ஊசி மட்டும் அவள் வயிற்றில்.