பிள்ளை விடாமல் அழுதால் தாயின் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

மாலை ஆறு மணி நெருங்கினால் போதும், எங்கள் வீட்டில் எல்லார் முகமும் மாறிவிடும். பேரன் பிறந்து மூன்றாவது வாரம் அது. பகலில் சமர்த்தாகத் தூங்குவான். விளக்கு வைக்கும் நேரத்தில் அழத் தொடங்கினால் ஒன்பது, ஒன்பதரை வரை ஓயமாட்டான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்கக் கத்துவான். மார்பில் போட்டால் இரண்டு வாய் குடிப்பான், உதறுவான், மறுபடியும் தேடுவான்.

சிலிம் ரிவரில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பத்து வீட்டிலிருந்தும் யோசனை வரும். "பருப்பு சாப்பிட்டிருப்பா, பிள்ளைக்கு வாயு பிடிச்சிருச்சு" என்றார் ஒரு அக்கா. "கோபிஸ் வேணாம்", "பூண்டு சூடு", "பச்சைத் தண்ணி குடிச்சாளா?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே பத்தியத்தில் இருந்த மகளின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பத்து நாளில் அவளுக்கு மிஞ்சியது சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. பிள்ளை அழுவது நிற்கவில்லை. ஒரு காலை மகள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள்.

ஒரு மாதப் பரிசோதனைக்கு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனோம். மிஸ்ஸி பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 3.8. பிறகு மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை நல்லா ஏறியிருக்கான் பாட்டி. தாய்க்கு என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடுவது இன்னும் நிற்கவில்லை.

முதலில் இந்த மாலை நேர அழுகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 80 பிள்ளைகள் எப்போது, எவ்வளவு நேரம் அழுகிறார்கள் என்று தாய்மார்களையே குறித்துவைக்கச் சொன்னார். நோய் இல்லாத பிள்ளைகள்கூட ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதார்கள். அதுவும் பெரும்பாலும் மாலையில்தான். ஆறு வாரம் வரை அழுகை கூடும், பிறகு குறையும், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும் இப்படித்தான், புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையும் இப்படித்தான். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் அழுதால் மருத்துவர்கள் அதைக் கோலிக் என்பார்கள். பெயர்தான் உண்டே தவிர, எதனால் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது.

அடுத்து, தாய் சாப்பிடுவது எப்படிப் பாலுக்குப் போகிறது என்பது. பால் தாயின் வயிற்றிலிருந்து வருவதில்லை, இரத்தத்திலிருந்து சுரக்கிறது. கோபிஸ், பருப்பு, கடலை சாப்பிட்டால் வாயு வருகிறதல்லவா, அது குடலில் மிஞ்சும் நாரைக் கிருமிகள் புளிக்கவைப்பதால் வருவது. அந்த நாரும் வாயுவும் தாயின் குடலோடு சரி, இரத்தத்தில் ஏறிப் பாலில் இறங்காது. தாய் குடித்த குளிர்ந்த தண்ணீரும் பாலைக் குளிராக்காது. பால் எப்போதும் உடம்புச் சூட்டில்தான் இருக்கும்.

பூண்டின் கதை வேறு. அதன் வாசனை பாலில் வரத்தான் செய்கிறது. 1991-இல் அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா, கேரி போஷம் என்ற இருவர் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் உச்சத்துக்கு வந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்து குடித்தார்கள். பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, தாய் சாப்பிட்டது எதுவுமே பிள்ளையைப் பாதிக்காதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாமல் போகும் பொருள் ஒன்று உண்டு. அது நம்மில் யாரும் சந்தேகப்படாத பசும்பால். தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் மிக நுண்ணிய அளவில் தாய்ப்பாலில் வந்து சேர்கிறது. சுவீடனில் யாகொப்சன், லிண்ட்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் இதை 1978-இல் முதலில் எழுதினார்கள். 1983-இல் அவர்களே மறுபடியும் சோதித்தார்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டு கோலிக்கால் அழுத 66 பிள்ளைகளின் தாய்மார்கள் பசும்பாலை நிறுத்தினார்கள். 35 பிள்ளைகளுக்கு அழுகை போனது. தாய் மறுபடியும் பால் குடித்தபோது அவர்களில் 23 பேருக்கு அழுகை திரும்பியது.

இதைப் படித்துவிட்டு அழும் பிள்ளைக்கெல்லாம் பால் ஒவ்வாமை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டென்மார்க்கில் 1985-இல் பிறந்த 1,749 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்தபோதே பசும்பால் ஒவ்வாமை காட்டியவர்கள் 9 பேர்தான். அந்த ஒன்பது பேரிடமும் ஒரு ஒற்றுமை இருந்தது. பிறந்த முதல் சில நாள்களில், பிரசவ வார்டில் அவர்களுக்குப் பசும்பால் மாவு கொடுக்கப்பட்டிருந்தது. "இந்த ஒரு ராத்திரி மட்டும் ஒரு புட்டி கொடுப்போம்" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எந்தப் பிள்ளையைச் சந்தேகப்படுவது? அழுகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மலத்தில் நூல் போல இரத்தமும் சளியும் வருவது, கன்னத்திலும் மடிப்புகளிலும் விடாத சொறி, ஓயாத வாந்தி, எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் ஒன்று அழுகையோடு சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பேச வேண்டும். மலம் பச்சையாகப் போவது மட்டும் ஒரு நோய் அல்ல.

என் தங்கை மகளுக்கு அதுதான் நடந்தது. பிள்ளைக்கு இரண்டு மாதம். நாப்கினில் சிவப்பு நூல் போல இரத்தம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, தாய்ப்பாலை நிறுத்தாதே, நீ பால் பொருள்களை மட்டும் நிறுத்திப் பார் என்றார். எளிது என்றுதான் நினைத்தாள். ஆனால் நம் சமையலறையில் பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடியபோதுதான் தெரிந்தது. மைலோ, ஓர்லிக்ஸ், தே தாரிக்கில் ஊற்றும் டின் பால், தயிர், மோர், நெய், மார்ஜரின், ரொட்டி, பிஸ்கட், தீபாவளிக்குச் செய்து வைத்திருந்த பலகாரம், போதாக்குறைக்கு பால் ஊற வேண்டும் என்று வாங்கிக் கொடுத்த தாய்மார்களுக்கான பால்மாவு. டின்னில் கிரிமர் என்று எழுதியிருந்தாலும் பால் பொருள் கலந்திருக்கும். பொட்டலத்தைத் திருப்பி சுசு, வே, கசீன் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டுச் சட்டப்படி பால் கலந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆட்டுப்பாலுக்கு மாறுவதில் பயனில்லை, அதன் புரதமும் பசும்பாலுடையதைப் போன்றதுதான். தேங்காய்ப்பாலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. பெயரில்தான் பால். குழம்பில் தாராளமாக ஊற்றலாம்.

இரண்டு முதல் நான்கு வாரம் வரை முழுமையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். புரதம் சில நாள்களில் தாய்ப்பாலிலிருந்து போய்விட்டாலும் பிள்ளையின் குடல் புண் ஆற நாளாகும். ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து என்ன சாப்பிட்டாள், பிள்ளை எப்போது அழுதது, மலம் எப்படி என்று தினமும் குறித்துவைப்பது நல்லது. நினைவு நம்மை ஏமாற்றும், நாம் நினைத்ததையே நினைவுபடுத்தும். பிறகு வருவதுதான் பலர் செய்யாமல் விடும் வேலை. குணமானதும் தாய் மறுபடியும் பால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அறிகுறி திரும்பினால் பால்தான் காரணம். திரும்பாவிட்டால் அழுகை தானாக நின்றிருக்கிறது, பத்தியம் வேண்டாம். பாலை நிறுத்தியும் மாற்றம் இல்லை என்றால், தாய் பாலுக்குத் திரும்பிவிட்டு மருத்துவரிடம் அடுத்ததைக் கேட்கலாம். சோயா, முட்டை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, தாயும் தேய்ந்துபோவாள். பாலை நிறுத்திய தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, கேழ்வரகு நம் கைக்கு எட்டும் பொருள்கள்தான். மாத்திரை வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. தாய்ப்பாலிலேயே அது நிறைய உண்டு. தாய் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த அளவு மாறாது. ஆகவே லாக்டோஸ் இல்லாத பாலைத் தாய்க்கு வாங்கிக் கொடுப்பது பணத்துக்குக் கேடு. நாம் பேசுவது புரதத்தைப் பற்றி.

காப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் உடம்பு சில மணி நேரத்தில் வெளியேற்றும் காஃபினை, பிறந்த பிள்ளையின் உடம்பு வெளியேற்ற நாள்கணக்கில் எடுக்கும். நாளுக்கு ஒன்று இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காப்பியோடு தேயிலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அழுகை தாங்காமல் பால் பவுடருக்கு மாறுவது நம்மிடம் பழைய கதை. தோட்டத்தில் விடியுமுன் மரம் வெட்டப் போன தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். அங்கே பசித்த பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தது பெரும்பாலும் டின் பால். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்பு டின் பாலைச் சிசுக்களுக்கு உகந்தது என்று விற்பதைக் கொலைக்கு ஒப்பானது என்றார். இன்றைய மாவு அந்த டின் பால் அல்ல, தேவைப்படும் பிள்ளைக்கு அது உயிர் காக்கும். ஆனால் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சாதாரண மாவைக் கொடுத்தால், தாய்ப்பாலில் துளியாக வந்ததைப் புட்டி நிறையக் கொடுத்தது போலாகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கென்று புரதத்தை உடைத்துச் செய்த மாவு இருக்கிறது. விலையோ தோட்டச் சம்பளத்துக்குக் கட்டாது.

கிரைப் வாட்டர்? 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் தொடங்கியது. பழைய மருந்தில் மதுச்சாரம் இருந்தது, பிள்ளை ஏன் தூங்கியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்று அது இல்லை, ஆனால் கோலிக்கைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. ஆறு மாதம் வரை வயிற்றுக்குள் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். வசம்பு உரைத்து ஊட்டுவதும் தேன் தொட்டு வைப்பதும் ஆபத்து. தேனில் உள்ள கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்துருண்டை வைத்த பெட்டித் துணியைக்கூடப் போடக் கூடாது.

பிள்ளை அழும்போது முதலில் பார்க்க வேண்டியவை எளியவை. பசியா, நாப்கின் நனைந்ததா, ஏப்பம் விட்டதா, புழுக்கமா. கால்விரலில் தலைமுடி சுற்றி இறுகியிருக்கிறதா, தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றை யாரும் பார்ப்பதில்லை. பால் போதுமா என்ற கவலைக்கு நாப்கினும் எடைத்தட்டும் பதில் சொல்லும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால், எடை ஏறினால், பால் போதும். மாலையில் அரை மணிக்கு ஒரு முறை மார்பைத் தேடுவது பால் வற்றியதால் அல்ல.

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, வயிறு உப்பி இறுகுவது, வெளுத்த மலம், 14 நாளைத் தாண்டியும் மஞ்சள், மலத்தில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இடைவிடாத அழுகை பெரியவர்களின் நிதானத்தைக் குலைத்துவிடும். கை நடுங்கும் அளவு கோபம் வந்தால், பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். ஸ்பிரிங் தொட்டிலை வேகமாக ஆட்டுவதும் வேண்டாம். தகப்பன்மாருக்கு 2023 முதல் ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளில் பிள்ளையை மார்மேல் போட்டு நடக்கப் பழகிக்கொண்டால், பிறகு மாலை நேரத்தில் உதவும். தாய் சாப்பிடாமல், தூங்க முடியாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதைத் திமிர் என்று எண்ணாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழையுங்கள்.

மிஸ்ஸி கேட்ட அன்று மதியமே மகளுக்குப் பருப்பும் கோபிஸ் பொரியலும் மீன் குழம்பும் வைத்தேன். அன்று மாலையும் பேரன் ஆறு மணிக்குத் தொடங்கினான். ஒன்பதரைக்கு நிறுத்தினான். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் எட்டு மணிக்குத்தான் கவனித்தோம், இன்னும் அழவில்லையே என்று. தங்கை மகளின் பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆனபோது, மருத்துவர் சொன்னபடி தாய் முதலில் பால் ரொட்டி சாப்பிட்டுப் பார்த்தாள், பிறகு பிள்ளைக்கும் துளி கொடுத்தார்கள். நாப்கினில் இரத்தம் வரவில்லை. இப்போது அவன் தயிர்ச் சோறு சாப்பிடுகிறான்.