பன்றி குத்திய ஈட்டி

கொங்கு நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் காணப்படும் நடுகற்களில் 'பன்றி குத்திப்பட்டான் கல்' என்று ஒரு வகை உண்டு. காட்டுப்பன்றியோடு நேருக்கு நேர் மோதி உயிர்விட்ட வீரனுக்கு ஊர் எடுத்த கல் அது. வீரன் கையில் ஈட்டியோ வாளோ இருக்கும். சில கற்களில் வேட்டைநாயும் உடன் நிற்கும்.

குத்துப்பட்ட பன்றி பின்வாங்காது, பாயும். அதன் கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும். அதனால்தான் நீளமான ஈட்டி. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் முனைக்குக் கீழே குறுக்குக் கட்டையும் பொருத்தினார்கள். குத்துப்பட்ட பன்றி கம்பின் வழியே ஏறி வராமல் அது தடுத்தது.

அந்தக் காலம் முடிந்தது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி யானையின் வாயையும் சிதைத்துவிடும்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம்.

காரமடை வட்டார விவசாயிகளே, தோட்டத்தில் பன்றி புகுந்தால் ஆயுதம் எடுக்காதீர்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.