ஆயில் எஞ்சினும் அதன் பேரிங்கும்: வாலிகண்டபுரத்தில் கண்டது

பம்பு செட்டு வாங்கக் கடன் வேண்டுமென்று நம்மிடம் வரும் அங்கத்தினர் பலர். வாங்கிய எஞ்சினுக்கு எண்ணெய் எப்போது மாற்றவேண்டும் என்று கேட்டு வந்தவர் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. சென்ற ஆண்டு வாலிகண்டபுரத்தில் நேர்ந்ததை எழுதப் புகுவது அதனாலேயே. அதில் நமது பிழையும் கலந்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே உள்ளது இவ்வூர். வாலீசுவரர் கோயிலால் பெயர் பெற்றது. 1751-இல் சந்தா சாகிபின் படையும், முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படையும் மோதிய இடமும் இதுவே. இப்போது இங்கே நடக்கும் போராட்டமெல்லாம் தண்ணீருக்குத்தான். விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமெனினும், இணைப்புக்குக் காத்திருக்கும் கிணறுகள் இன்னும் உள்ளன. அத்தகைய கிணறு ஒன்றில் நான்கு பங்குதாரர் சேர்ந்து ஆறு குதிரைசக்தி ஆயில் எஞ்சின் ஒன்றை வைத்திருக்கின்றனர். இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் 1930-ஐ ஒட்டி வெளியிட்ட மாதிரியைப் பின்பற்றி, குஜராத்தின் இராஜ்கோட்டில் செய்யப்பட்டது. நிமிடத்திற்கு 650 சுற்று. இரு புறமும் கனத்த சக்கரங்கள்.

சின்ன வெங்காயம் காய் பிடிக்கும் தறுவாயில் எஞ்சின் தட்டத் தொடங்கிற்று. கணவரை இழந்த அம்மையார் ஒருவரின் முறையில், அவருடைய மகன் ஓட்டிக்கொண்டிருந்தபோது அது நேர்ந்தது. எண்ணெய்த் தொட்டி ஏறக்குறைய வறண்டிருந்தது. “பையன் கெடுத்தான், செலவு முழுதும் அந்த அம்மாளே கொடுக்கட்டும்” என்றனர் மற்ற மூவர். தணிக்கைக்குச் சென்றிருந்த நம்மிடம் வழக்கு வந்தது.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் ஷாப்ட். பிஸ்டனின் கைக்கோல் அதனைப் பற்றும் இடம் பிக் எண்டு. அங்கே இரண்டு அரைவட்டச் சிப்பிகள் உண்டு. அவற்றின் உட்புறம் வெள்ளை உலோகம் பூசியது. 1839-இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் கண்ட கலவை அது. பெரும்பகுதி வெள்ளீயம், சிறிதளவு ஆன்டிமனியும் செம்பும். தண்டு தேயாமல் தான் தேய்ந்து கொடுப்பதே அதன் தொழில். தண்டின் இரு முனைகளும் படுத்திருப்பது உருளைப் பேரிங்குகளில். விசைத்தறி ஓட்டும் அங்கத்தினருக்கு இது புதிதன்று. தறியிலும் ஒரு கிராங்க் ஷாப்ட் உண்டு, அதன் புஷ் தேய்ந்தால் பலகை எப்படி ஆடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

பழுது எங்கே என்று காண அதிகக் கருவி வேண்டுவதில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்து கைக்கோலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார் மேஸ்திரி. பக்கவாட்டில் சிறிது நகரலாம், மேல்கீழாக ஆடலாகாது. இது ஆடிற்று. பிறகு சக்கரத்தின் கீழ்க் கடப்பாரை கொடுத்து நெம்பினார். தண்டும் எழுந்து விழுந்தது. வடித்த எண்ணெயில் வெள்ளைத் துகள்கள் மின்னின.

“தண்டை வெளியே எடுத்து அளக்கவேண்டும் ஐயா” என்றார் அவர். சக்கரங்களை இறுக்கியிருக்கும் ஆப்பைக் கழற்றுவதற்கே ஒரு நாள் ஆகும். வெங்காயமோ வாடிக்கொண்டிருந்தது. செலவையும் நாளையும் எண்ணி, “சிப்பிகளை மட்டும் மாற்றுங்கள் மேஸ்திரி, மற்றதை அறுவடைக்குப் பின் பார்ப்போம்” என்று யோசனை சொன்னவர் நாமே. படித்தவர் சொன்னாரென்று நால்வரும் இசைந்தனர்.

பதினோராம் நாள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எண்ணெயின்றி ஓடியதில் தண்டின் பிடி வட்டம் குலைந்து முட்டை வடிவாயிருந்தது. அதன்மேல் புதுச் சிப்பியை வைத்தால் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளரும். எண்ணெய்ப் படலம் அறுந்து சூடேறும். வெள்ளை உலோகம் ஏறத்தாழ 240 டிகிரி வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். புதிதாகப் போட்டது உருகிப் பூசிக்கொண்டிருந்தது.

இம்முறை மேஸ்திரி சொன்னதற்கு மறுபேச்சில்லை. ஆப்புகளை இரவு முழுதும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் தட்டி வெளிக்கொணர்ந்தார். கைக்கோலிலும் அதன் மூடியிலும் ஒரே அடையாளம் குத்தினார். இரண்டும் சேர்த்துக் கடைந்தவையாதலால் புரட்டிப் போட்டால் பொருந்தா. திருச்சியில் தண்டைத் தேய்த்து, இருபது ஆயிரத்தில் அங்குலம் குறைத்து, அவ்வளவுக்கேற்ற சிப்பிகள் வாங்கிவந்தனர். இத்தகைய சிப்பிகள் பத்து, இருபது, முப்பது என்ற அளவுகளில் கடையில் கிடைக்கின்றன. சிலர் சிப்பியின் பின்னே தகரத் துண்டு வைத்து இறுக்குவார்கள், அல்லது மூடியை அரத்தால் தேய்ப்பார்கள். இரண்டையும் நாம் கண்டித்து எழுதுகிறோம். உருளைப் பேரிங்கின் உள்வளையத்தைச் சூடான எண்ணெயில் இட்டு விரியச்செய்து தண்டில் ஏற்றினார். வெளிக்கிண்ணத்தையும் உடன் மாற்றினார். பழைய கிண்ணத்தோடு புது உருளை ஒத்துப்போகாது. தண்டின் நீளவாட்ட ஆட்டத்தை இடைத்தகடுகளால் சரிசெய்தார். பழைய ஊசிகளைத் திரும்பப் போடவில்லை.

அரை மணி நேரம் சுமையின்றி ஓட்டி, நிறுத்தி, கை வைத்துச் சூடு பார்த்தார். இளஞ்சூடுதான். முதல் இருபத்தைந்து மணி நேர ஓட்டத்திற்குப்பின் எண்ணெயை முழுதும் மாற்றச் சொன்னார்.

அம்மையாரின் வெங்காயத்தில் பாதிக்குமேல் போயிற்று. அதை நாம் ஈடுசெய்ய இயலவில்லை. செலவுப் பங்கீட்டில், எண்ணெய் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்று நால்வரையும் தனித்தனியே கேட்டோம், ஒருவருக்கும் நினைவில்லை. ஆகவே பழுதைப் பையன் தலையில் கட்டுவதற்கில்லை என்று கூறினோம். ஒவ்வொருவரும் இறைத்த மணி நேரத்தின்படி பங்கிடுவதென்று முடிவாயிற்று. முதற் சிப்பிகளின் விலையை நாம் கொடுக்க முன்வந்தோம், மூவர் மறுத்தனர், அம்மையார் மட்டும், “கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் என்ன?” என்றார். அவர் பங்கைக் கொடுத்தோம்.

எஞ்சின் அறையில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், எண்ணெய் அளவு, கையொப்பம். சென்ற வாரம் பார்த்தபோது பெரும்பாலான பக்கங்கள் அந்தப் பையனின் கையெழுத்தில் இருந்தன.