நியாயத்தீர்ப்பு என்றால் தண்டனை மட்டும்தானா?

நியாயத்தீர்ப்பு என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வருவது நெருப்பும் தண்டனையும்தான். ஆனால் சங்கீதம் 96-ஐ எடுத்துப் பாருங்கள். கடவுள் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று காட்டு மரங்கள்கூட சந்தோஷப்படுகின்றன. வெறும் தண்டனை என்றால் மரத்துக்கு அதில் என்ன சந்தோஷம்? இந்தக் கேள்விதான் என்னை மூலமொழிகளிடம் கொண்டுபோனது.

அங்கே உள்ள எபிரேய வினைச்சொல் ஷாஃபாத். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் மிஷ்பாத், பழைய ஏற்பாட்டில் 400 முறைக்கு மேல் வருகிறது. வழக்கு, தீர்ப்பு, சட்டம், ஒருவருக்குச் சேர வேண்டிய உரிமை என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஏசாயா 1:17-இல் அநாதைப் பிள்ளையை 'ஷாஃபாத்' செய்யச் சொல்கிறார் தீர்க்கதரிசி. பிள்ளையைத் தண்டியுங்கள் என்றா அர்த்தம்? இல்லை, அவனுக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுங்கள் என்பதுதான்.

இதைச் செய்பவர் ஷோஃபேத். சிஎஸ்ஐ சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த நூலின் பெயர் 'நியாயாதிபதிகள்'. சாந்தோம் பக்கம் கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் 'நீதித் தலைவர்கள்'. ஒரே மயிலாப்பூருக்குள் ஒரே நூலுக்கு இரண்டு பெயர்! இரண்டாவது பெயர் கதைக்குக் கிட்ட வருகிறது என்பேன். தெபோராள் மரத்தடியில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார், சரி. கிதியோனும் சிம்சோனும் எதிரிகளோடு சண்டை போட்டவர்கள். ஒடுக்கப்பட்ட ஜனத்தின் நிலையைச் சரிசெய்ததுதான் அவர்களுடைய 'தீர்ப்பு'.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் கிரினோ. அதன் அடிப்பொருள் பிரித்தெடுத்தல். முறத்தில் புடைத்துப் பதரைத் தள்ளுகிறோமே, அந்த மாதிரி. ஆக்கினைக்கு உள்ளாக்குவதற்கு கட்டகிரினோ என்று தனிச்சொல் உண்டு. ஆனாலும் கிரினோவே சில இடங்களில் அந்தக் கடுமையோடு வரும். ரோமர் 14:13-இல் பவுல் ஒரே வசனத்தில் கிரினோவை இரண்டு விதமாகப் போடுகிறார்: ஒருவரையொருவர் குற்றவாளி என்று தீர்க்க வேண்டாம், யாருக்கும் இடறலாக இருப்பதில்லை என்று தீர்மானியுங்கள். தீர்த்தல், தீர்மானித்தல் என்று தமிழிலும் அதே வேர் இரண்டு தடவை வந்து உட்காருகிறது.

அந்த 'தீர்' என்ற வேரைக் கொஞ்சம் கவனியுங்கள். நோய் தீரும், பசி தீரும், கடன் தீரும், வழக்கும் தீரும். நம் மொழியிலேயே தீர்ப்பு என்பது ஒரு குறையை முடித்து வைப்பது. மிஷ்பாத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம்.

தண்டனை இதில் இல்லை என்று சொல்லவில்லை. அபகரித்தவனிடமிருந்து பிடுங்காமல் பறிகொடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டு மட்டுமா இருக்கிறது? வழக்குப் போட்டவரும் அங்கேதான் நிற்கிறார். சொத்தில் பங்கு கிடைக்காமல் பல வருஷம் வாய்தாவுக்கு அலையும் விதவைக்குத் தீர்ப்பு நாள் பயம் தரும் நாள் இல்லை, அவர் காத்திருக்கும் நாள். அந்தச் சொல்லைத் தண்டனையாக மட்டுமே பிரசங்கித்தால் நாம் முதலில் பயமுறுத்துவது அவரைத்தான்.