ஒரே நாளில் மூடிவிடும் கதவு!
பன்றிக்குட்டியின் குடலில் நடக்கும் அதிசயம்

டென்மார்க் சின்ன நாடு. ஆனால் அங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம்! அந்தப் பன்றிகளை வளர்ப்பவர்கள் பயப்படும் விஷயங்களில் ஒன்று எது, தெரியுமா? குட்டிகளுக்கு வரும் கழிச்சல்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, நோயை எதிர்க்கும் சக்தி தாயின் ரத்தத்தில் இருந்து கிடைத்து விடுகிறது. பன்றிக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பன்றியின் நச்சுக்கொடி அந்தச் சக்தியைக் கடத்துவதில்லை. அதைச் சீம்பாலில் இருந்துதான் குட்டி பெற வேண்டும்.

முதல் நாள்

சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளை, வளர்ந்த பன்றியின் குடல் சிதைத்து ஜீரணித்துவிடும். பிறந்த குட்டியின் குடலோ, அதை அப்படியே முழுசாக எடுத்து ரத்தத்தில் சேர்க்கிறது. இந்தக் கதவு 24 முதல் 36 மணி நேரத்துக்குள் மூடிவிடும்! அப்புறம் குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் ரத்தத்தில் சேராது.

டென்மார்க்கில் ஒரே ஈற்றில் 15 குட்டிகளுக்குமேல் பிறப்பது சகஜம். எல்லாம் முண்டியடிக்கும். நோஞ்சான் குட்டி பின்தங்கிவிடும். அதைத் தூக்கிக் காம்பில் சேர்ப்பது பண்ணைக்காரரின் அவசர வேலை.

துவாலை போன்ற குடல்

குடலின் உட்புறம் துவாலை போன்றது. துவாலையில் நூல்கள் நிற்பதுபோல, மெல்லிய முளைகள் எண்ணற்று நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று இவற்றுக்குப் பெயர். சத்தை உறிஞ்சுபவை இவைதான். பிறந்த குட்டிக்கு இவை நீளமாக இருக்கும். பாலை ஜீரணிக்கும், ஆனால் மாவையும், கரும்புச் சர்க்கரையையும் ஜீரணிக்கும் திறன் அப்போது மிகக் குறைவு. அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வளரும்.

தாயைப் பிரியும் நாள்

காட்டுப் பன்றி, மூன்று நான்கு மாதங்களில் சிறிது சிறிதாகப் பால் மறக்கச் செய்கிறது. பண்ணையிலோ சுமார் 4 வாரத்தில் ஒரே நாளில் பிரிவு! தாயைக் காணோம், பக்கத்தில் முன்பின் தெரியாத குட்டிகள், தொட்டியில் உலர்ந்த தீனி. பல குட்டிகள் ஓரிரு நாள் வாய் வைப்பதே இல்லை. பாவம்!

உள்ளே வரும் உணவுதான் குடலுறிஞ்சிகளுக்கும் போஷாக்கு. பட்டினி கிடந்தால் அவை சுருங்கும். நான்கைந்து நாளில் பாதி உயரமாகக் குறைந்துவிடுவதும் உண்டு. ஜீரணமாகாத தீனி குடலில் தேங்க, கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கழிச்சல் வருகிறது.

இதற்காகத் தீனியில் மருந்து கலந்தார்கள். வளர்ச்சிக்கென்று கலந்த கிருமிக்கொல்லி மருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் தடை செய்தது. மருந்தாகக் கொடுத்த துத்தநாக ஆக்சைடையும் 2022 ஜூனில் நிறுத்தியது. அந்த உலோகம் எருவோடு போய் வயலில் சேர்ந்ததும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய அச்சமும்தான் காரணம்.

இனி என்ன செய்வது? தீனியில் புரதத்தைக் குறைக்கிறார்கள். சிலர் குட்டியைத் தாயிடம் கூடுதல் நாட்கள் விடுகிறார்கள். தாயோடு இருக்கும்போதே, ஒரு மூலையில் சின்னத் தட்டில் தீனி வைக்கிறார்கள். குட்டிகள் முகர்ந்து பார்க்கின்றன, மூக்கால் கிளறுகின்றன, விளையாட்டுப்போலக் கொஞ்சம் தின்றுவிட்டு, மறுபடி தாயிடம் ஓடுகின்றன.