ஒரு வார்டுக்கு எத்தனை தாதியர் வேண்டும்?

மாணவர்களே, புக்கிட் மெர்தாஜாம் ஜாலான் கூலிமில் உள்ள அரசாங்க மருத்துவமனையை அறிவீர்கள். பள்ளிக்கு விடுமுறை உண்டு. அங்குள்ள வார்டுகளுக்கு இல்லை. தீபாவளியன்றும் நள்ளிரவிலும் நோயாளியின் அருகே தாதி இருக்க வேண்டும்.

எந்த நாளில் யார், எந்த ஷிப்ட் என்று வேலை அட்டவணை போடுவது வார்டின் தலைமைத் தாதியின் பொறுப்பு. அவரைத்தான் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். அந்த அட்டவணைக்குள் கணிதமும் உயிரியலும் இருக்கின்றன.

முதலில் கணிதம்

வார்டில் எந்த நேரமும் ஒரு தாதி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எத்தனை பேர் தேவை? காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்ட். எனவே 3 பேர் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வாரத்திற்கு 24 × 7 = 168 மணி நேரம். ஒரு தாதி வாரம் 42 மணி நேரம் வேலை செய்தால், 168 ÷ 42 = 4 பேர். ஆண்டு விடுமுறை, எம்.சி., பயிற்சி என ஆண்டில் 6 வாரம் அவர் வேலையில் இல்லாவிட்டால், மீதம் 46 வாரம்தான். 4 × 52 ÷ 46 = ஏறக்குறைய 4.5 பேர். எந்த நேரமும் 4 தாதியர் வேண்டுமென்றால் 18 பேர் தேவை!

நம் நாட்டில் ஷிப்ட் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் அறிவிப்பு 2024இல் வந்தது. தாதியர் எதிர்ப்புத் தெரிவித்தனர், அது ஒத்திவைக்கப்பட்டது. 168ஐ 45ஆல் வகுத்தால் 3.7 பேர் போதும் என்று காகிதம் சொல்லும். உடல் அதை ஏற்குமா?

அடுத்து உயிரியல்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் நம் உடலின் கடிகாரம். இரவில் பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. விடியற்காலை 3, 4 மணிக்கு உடல் வெப்பம் குறைகிறது; கவனமும் மங்குகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். மருந்தின் அளவைச் சரிபார்க்கும் கை அந்த நிலையில் இருக்கலாமா?

பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணியைவிடச் சற்றே நீளமானது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது. முன்னால் கொண்டுவருவது கடினம். ஷிப்ட் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறினால் உடல் எளிதில் பழகும்.

ஆள் குறைந்தால்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை லிண்டா ஏய்க்கன் குழுவினர் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். ஒரு தாதி கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. மூச்சிலும் நாடித்துடிப்பிலும் ஏற்படும் சிறு மாற்றத்தை முதலில் காண்பவர் தாதி. அவருக்கு நேரமில்லை என்றால் அது கண்ணில் படாமல் போகலாம்.

தலைவரின் குணமும் முக்கியம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பதிவான தவறுகள் அதிகம்! அங்கே தாதியர் திட்டுக்குப் பயந்து தவறை மறைக்கவில்லை. வெளியே தெரிந்த தவறைத்தான் திருத்த முடியும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: எந்த நேரமும் 6 தாதியர் வேண்டிய வார்டுக்கு மொத்தம் எத்தனை பேர் தேவை? அதில் 3 பேர் ஒரே நேரத்தில் பேறுகால விடுப்பில் இருந்தால், சிஸ்டர் என்ன செய்வார்? வகுப்பில் பேசிப் பாருங்கள்.